கஞ்சி போட்ட இறக்கை

சகாயம், நீ போய் நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. உன் முக்காலி ஜன்னலோரத்தில் அப்படியே கிடக்கிறது. புதிதாக வந்த பெண் ஒருத்தி நேற்று அதில் உட்காரப் போனாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு சொல்லவில்லை. அவளும் எங்கேயாவது உட்கார்ந்துதானே வேலை செய்யவேண்டும்.

உன்னிடம் பேசுவதுபோல ஆரம்பித்துவிட்டேன். ஆனால் என்னை எழுதச் சொன்னது, விளையாட்டு விமானம் செய்யும் நம் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் நாலு பேருக்கு.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த மாதக் கடைசியோடு நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். கல்யாணமாகி ஜலகண்டாபுரம் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். துணி ஒட்டும் அறையில் சகாயம் இல்லாமல் என்னால் உட்கார முடியவில்லை என்பதும் உண்மை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பழனி, எட்டு வருசம் இங்க இருந்திருக்க. புதுசா ஓட்டக் கத்துக்க வர்றவங்களுக்கு எந்த விமானத்தக் குடுக்கணும், எதக் குடுக்கக் கூடாதுன்னு இந்தப் புள்ளைங்களுக்கு எழுதி வச்சுட்டுப் போ" என்றார். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டை அறுப்பது, பசை காய்ச்சுவது, இஞ்சின் கழுவுவது எல்லாம் கையோடு வந்துவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. கடைக்கு ஓர் ஆள் வந்து நின்று, "எனக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்கும்போது நாம் எதை எடுத்துக் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் கஷ்டம். அதில்தான் நான் தப்புச் செய்தேன். முதலில் சின்னத் தப்பு.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம். அப்போது நம்மிடம் ரேடியோ கிடையாது. இரண்டு கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தன்னைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் விமானங்கள்தான். நாமக்கல்லிலிருந்து ஒரு லாரிக்காரர் வந்தார். சொந்தமாக இரண்டு லாரி வைத்திருந்தார். ஆள் பெரிய உருவம். மகனுக்கோ மருமகனுக்கோ வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கேதான்.

"ஏனம்மிணி, இதுல எது கெட்டி?" என்று கேட்டார்.

ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். லேசானதையெல்லாம் "இது சோளத்தட்டையாட்டம் இருக்குது" என்று தள்ளிவிட்டார். முதலாளியும் இல்லை, சகாயமும் இல்லை. மேல் பலகையில் ஒட்டுப்பலகையால் செய்த ஒன்று இருந்தது. இறக்கையை உடம்போடு சேர்த்து ஆணி அடித்துப் பசை போட்டு ஒட்டியது. அதை எடுத்துக் கொடுத்தேன். தட்டிப் பார்த்தார். லாரி பாடி மாதிரி சத்தம் வந்தது. அவருக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். அவர் கேட்டதைத்தானே கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு சாக்கோடு வந்தார். மேசைமேல் கவிழ்த்தார். சுள்ளி விறகு மாதிரி கொட்டியது.

"எப்படிங்க விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

"எப்படி உழும்? மேல இருந்து கீழதான் உழுந்துச்சு."

உள்ளே இருந்த சகாயத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்தாள். அவளுக்கும் என் வயதுதான். எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள். அவள் வீடு சேலத்திலேயே கோவிலுக்குப் பின்னால், மாதா கோவிலைச் சொல்கிறேன். அப்பா ரயில்வேயில் கலாசி. எட்டாவது வரை படித்திருந்ததால் பட்டறையில் அவள் படிப்பாளி.

"அண்ணா, உங்க லாரி புளியமரத்துல மோதுனா யாருக்குச் சேதம்?" என்று கேட்டாள்.

"லாரிக்கும் சேதம், மரத்துக்கும் சேதம், என்ற சம்சாரத்துக்கும் சேதம்."

"சைக்கிள் மோதுனா?"

"அவன் எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டுப் போவான்."

"அப்ப உங்களுக்கு லாரி வேண்டாம். சைக்கிள் தாரேன்."

அவர் சோளத்தட்டை என்று தள்ளிவிட்டதையே அவள் எடுத்தாள். உடம்பு லேசான கட்டை. இறக்கை உடம்புக்கு மேலே, தனித் துண்டாக. அதை ஒட்டவில்லை. பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி, அந்த வளையங்களால் இழுத்துக் கட்டியிருந்தது. அதைக் கையில் பிடித்து, எதிரே இருந்த சுவரில் ஓங்கி எறிந்தாள்.

"அய்யய்யோ!" என்று கத்தினார் லாரிக்காரர்.

வளையங்கள் தெறித்தன. இறக்கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் விழுந்தது. சகாயம் இரண்டையும் பொறுக்கி, மறுபடி வளையங்களை மாட்டி அவர் கையில் கொடுத்தாள். எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே எறிந்தார். ஐந்து தடவை எறிந்திருப்பார். சுண்ணாம்பு உதிர்ந்ததே தவிர விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்துதான் நம் பட்டறையில் அந்த வழக்கம். பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் விமானத்தைச் செய்தவரே சுவரில் எறிந்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார். நீங்கள் வந்த முதல் நாள் அதைப் பார்த்து, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று உங்களுக்குள் பேசிக்கொண்டீர்கள். எனக்குக் காது கேட்கும்.

வருகிறவர் எதைக் கேட்டாலும் சகாயம் முதலில் ஒன்றுதான் கேட்பாள். "விழுந்தா எது உடையணும்?" யாரும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். உடையவே கூடாது என்பார்கள். பழகுகிறவர் கையில் இருக்கும் விமானம் கட்டாயம் விழும். பத்து தடவை விழும். அப்போது எது முதலில் கழன்றுகொள்ளவேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், மற்றது பிழைக்கும். சண்டை விமானம் மாதிரி இறக்கை கீழே வைத்தது, மூக்கு நீண்டது, பெரிய இஞ்சின் போட்டது, இதையெல்லாம் கண்ணாடிக்குள் வையுங்கள். பார்த்து ஆசைப்படட்டும். கொடுக்காதீர்கள். கோபித்துக்கொண்டு போனாலும் போகட்டும். ஒரு மாதத்தில் திரும்பி வருவார்கள்.

இப்போது பெரிய தப்பைச் சொல்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் முதலாளி ரேடியோப் பெட்டிக்கு ஏற்பாடு செய்தார். வெளிநாட்டுச் சாமான். காகிதம் எழுதிப் போட்டு, அனுமதி வாங்கி, வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரே ஒரு செட். தரையில் வைக்கும் பெட்டி ஒன்று, அதில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி. விமானத்துக்குள் வைக்க, தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல ஒரு சின்னப் பெட்டி. தரைப் பெட்டியிலிருந்து வரும் ஒயரின் நுனியில் ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்திப் பிடித்தால் வால் வலது பக்கம் திரும்பும். இரண்டு தடவை அழுத்தினால் இடது பக்கம். விட்டுவிட்டால் நேராகிவிடும். அவ்வளவுதான். ஆனால் கையில் கம்பி இல்லாமல் ஒரு பொருள் வானத்தில் போய்க்கொண்டே நம் பேச்சைக் கேட்பதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும்.

பொத்தானைப் பிடிக்க எல்லோருக்கும் ஆசை. முதலாளி விமானப்படையில் கீழே இருந்து இஞ்சின் பார்த்தவர். அவருக்கே அது சரியாக வரவில்லை. விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது என்றால் வலதுதான். அதுவே திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் மாறிவிடும். அந்த இடத்தில் எல்லோருக்கும் கை தடுமாறும். சகாயத்துக்குத் தடுமாறவில்லை. எப்படி என்று கேட்டால், "நான் அதுக்குள்ள உக்காந்துக்குவேன்" என்பாள்.

ஒரு கல்லூரியில் விமானப் பயிற்சிப் பிரிவு இருந்தது. அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் நம் முதலாளிக்குக் கடிதம் எழுதினார். மாணவர்கள் பழகுவதற்கு ரேடியோ விமானம் ஐந்து வேண்டும், ஆனால் ஒன்றுமே தெரியாதவர் கையில் கொடுத்தால் தாங்குமா என்று கண்ணால் பார்க்கவேண்டும் என்று. பார்த்துப் பிடித்துவிட்டால், வாரம் இரண்டு நாள் சகாயமே கல்லூரிக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று முதலாளி பேசி வைத்திருந்தார்.

சகாயத்துக்கு அந்த ஒரு மாதம் தரையில் கால் பாவவில்லை. "எட்டாவது படிச்சவ காலேஜுல பாடம் நடத்தப் போறேன்டி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பாவிடம் சொல்லிப் புதிதாக வெள்ளைப் புடவை ஒன்று எடுத்து வைத்தாள். தலையை எப்படிப் பின்னிக்கொண்டு போனால் டீச்சர் மாதிரி இருக்கும் என்று என்னிடம் கேட்டாள்.

அந்த விமானத்துக்கு இறக்கைத் துணி ஒட்டும் வேலை எங்கள் அறைக்கு. நானும் சகாயமும் பிரித்துக்கொண்டதில் அது என் பங்குக்கு வந்தது. மெல்லிய பட்டுத் துணியை ஒட்டி, அதன்மேல் டோப் பூசவேண்டும். டோப் பூசினால்தான் துணி மேளத்தோல் மாதிரி இறுகும், ஈரமும் உள்ளே போகாது. அதன் நெடி உங்களுக்கு இந்நேரம் பழகியிருக்கும். அப்போது பட்டறையில் இருந்தது ஒரே ஒரு டின். அடுத்தது பம்பாயிலிருந்து எப்போது வரும் என்று தெரியாது. முதலாளி அதைப் பூட்டி வைத்து எடுப்பார். அதை எங்களை நம்பி அறையில் வைத்துவிட்டு வெளியே போனார். சகாயமும் அப்போது அறையில் இல்லை. முழங்கை பட்டுக் கவிழ்த்துவிட்டேன். தரையெல்லாம் போய்விட்டது. டின்னின் அடியில் ஒரு கரண்டிகூட இல்லை.

அதற்கு முந்தின மாதம்தான் இன்னொரு பையன் இஞ்சின் ஒன்றைக் கீழே போட்டு உடைத்ததற்கு முதலாளி அவனை நிறுத்தியிருந்தார். எங்கள் வீட்டில் அப்போது தறி ஓடவில்லை, என் சம்பளம் ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. தரையைத் துடைத்துவிட்டு யோசித்தேன். நான் தறிக்காரர் வீட்டுப் பெண். பாவுக்குக் கஞ்சி போட்டு இழுத்துக் காயவைத்தால் நூல் எப்படி விறைக்கும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஒரு சொம்பில் கொண்டுவந்து இறக்கைக்குப் பூசினேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். டோப் போட்டதைவிட நன்றாக இறுகியது. சித்திரை வெயில். சுண்டிப் பார்த்தால் டங்கென்றது. சுவரில் எறிந்தேன். ஒன்றும் ஆகவில்லை. முதலாளி தட்டிப் பார்த்து, "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். நான் டின்னைக் கழுவி, அதில் கொஞ்சம் தின்னரை ஊற்றி மூடி வைத்துவிட்டேன்.

எங்கே ஓட்டிக் காட்டுவது என்ற கேள்வி வந்தது. அந்த லாரிக்காரர் இதற்குள் பட்டறைக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டிருந்தார். "ஜேடர்பாளையத்துல அணைக்குக் கீழ எங்க தோட்டத்தை ஒட்டி மணலுங்க. எங்க உழுந்தாலும் மெத்தையாட்டம் இருக்கும். நம்ம லாரியிலயே போலாம். நம்மூட்லயே தங்கிக்கலாம்" என்றார். முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்தோம். விமானத்தை அவர் தோட்டத்தில், கிணற்றடியில் இருந்த பம்பு ரூமில் வைத்தோம். பூட்டு இருந்த ஒரே இடம் அதுதான்.

காலையில் பேராசிரியர் வந்து சேர்ந்ததும், மணலில் வைத்து இறக்கையைக் கட்டப் போனேன். கை வைத்ததும் தெரிந்துவிட்டது. துணி தொய்ந்து, கிழவியின் கன்னம் மாதிரி கிடந்தது. கிணற்றடி ஈரத்தை ராத்திரி முழுக்கக் குடித்திருக்கிறது கஞ்சி.

சகாயம் வந்து பக்கத்தில் குனிந்தாள். வெள்ளைப் புடவைதான் கட்டியிருந்தாள்.

"என்னடி இது, தொய்ஞ்சு கெடக்கு?"

"பனி பட்டிருக்கும்."

"டோப் அடிச்ச துணியா பனிக்குத் தொய்யும்?" மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தாள். "நெடியே இல்லையே. பழனி, என்ன பூசின?"

சொன்னேன். டின் கவிழ்ந்ததையும் சொன்னேன்.

"அடிப்பாவி, இறக்கைக்கு வத்தல் போட்டுட்டியாடி!" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டு, "வெயில் ஏறட்டும். காஞ்சா திரும்ப இறுகிடும்" என்று எழுந்து முதலாளியிடம் போனாள்.

"சார், ஒரு மணி நேரம் பொறுத்து ஓட்டலாமா?"

"இப்பதான் காத்து இல்ல சகாயம். வெயில் ஏறுனா ஆத்துக் காத்து அடிக்க ஆரம்பிச்சுடும். சாருக்குப் பஸ் வேற இருக்கு."

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி சொன்னதும் சரிதான். காற்று வந்தால் ஓட்ட முடியாது.

"அப்ப நான் ஓட்டலைங்க சார்" என்றாள் சகாயம்.

"ஏன்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்கவேண்டிய இடம் அதுதான். ஒரே வார்த்தை. நான் குனிந்து, மாட்டிய வளையத்தைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"பயமா இருக்குங்க சார்" என்றாள் அவள்.

பேராசிரியர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. "பொம்பளப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார். முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. பொத்தானைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, "பழனி, எறி" என்றார்.

நான்தான் எறிந்தேன். அந்த இறக்கைக்கு என்ன ஆகும் என்று தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். அதைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் பத்தடி ஓடி, என் கையாலேயே எறிந்தேன்.

முதலில் நன்றாகத்தான் ஏறியது. பனைமர உயரம் போனதும் இடது இறக்கை முறுக்கிக்கொண்டது. விமானம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, வட்டம் போட்டு, எங்களைப் பார்த்துத் திரும்பியது. முதலாளி பொத்தானை அழுத்தினார். மாற்றி அழுத்திவிட்டார். இன்னும் சாய்ந்தது. மறுபடி அழுத்தினார். மூக்கு கீழே தொங்கிவிட்டது.

"வுடுங்க சார்! பொத்தான வுடுங்க! ஒண்ணும் பண்ணாதீங்க!" என்று சகாயம் கத்தினாள்.

அவர் விட்டுவிட்டார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். பழகுகிறவர்களுக்கு எந்த விமானம் என்று யாராவது கேட்டால், கையை விட்டால் தானே நிமிர்கிற விமானம் என்று சொல்லுங்கள். இறக்கை உடம்புக்கு மேலே இருந்து, நுனி இரண்டும் கொஞ்சம் தூக்கியிருந்தால் அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளப் பார்க்கும். பழகுகிறவர் பயத்தில் எதையாவது அழுத்திக்கொண்டேதான் இருப்பார். அவர் சும்மா இருந்தால் போதும் என்று விமானமே பார்த்துக்கொள்ளவேண்டும். அன்றைக்கு அந்த முறுக்கிப்போன இறக்கையோடும் அது பாதி நிமிர்ந்தது. குத்திக்கொண்டு விழவில்லை. சாய்ந்தபடியே வெற்றிலைக் கொடிக்காலைத் தாண்டிப் போய், மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. சத்தம் நின்றது.

பேராசிரியரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மற்ற எல்லோரும் ஓடினோம். லாரிக்காரர் செருப்பை மணலிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். உடம்பு ஓர் அகத்தி மரத்தடியில் கிடந்தது. மூக்கில் மண். முதலாளி மண்டிபோட்டு மூடியைத் திறந்தார். இலவம்பஞ்சு சுற்றி வைத்திருந்த பெட்டி அப்படியே இருந்தது. மர இடைவெளி வழியாக, மணலில் நின்ற பேராசிரியரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர் பொத்தானை அழுத்தினார். வால் இந்தப் பக்கம் டிக்கென்று திரும்பியது. பிறகு இரண்டு தடவை அழுத்தினார். அந்தப் பக்கம் திரும்பியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஊரிலேயே இருந்த ஒரே செட் அல்லவா.

இறக்கையைக் காணவில்லை. வளையம் அறுந்து எங்கேயோ போயிருந்தது. தேடிக்கொண்டு வரப்புக்கு அந்தப் பக்கம் போனால், ஓர் அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது உங்க சாமானுங்களா? மானத்துல இருந்து உழுந்துச்சு. நானு பருந்துதான் செத்து உழுவுதோன்னு பாத்தேன்."

இறக்கை இருந்தது. அதைச் சுற்றி மூன்று மேச்சேரி ஆடுகள். ஒரு பக்கத்துத் துணியைத் தின்று முடித்துவிட்டு, மறு பக்கத்தைக் கிழித்துக்கொண்டிருந்தன. எலும்பு எலும்பாகக் குச்சி மட்டும் தெரிந்தது.

"ஓட்டுங்க ஆத்தா, ஓட்டுங்க!" என்றார் லாரிக்காரர்.

"நானென்ன பண்றதுங்க? தட்டுல வெச்ச சோறாட்டம் திங்குதுங்க. ஆட்டுக்கு வவுறு கெட்டுப்போச்சுன்னா ஆருங்க பாக்கறது?"

லாரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. இறக்கையை எடுத்தார். மிச்சமிருந்த துணியில் ஒரு துண்டைக் கிழித்து மோந்து பார்த்தார். நாக்கில் வைத்தார்.

"டோப் பூசின துணிகிட்ட ஆடு வராது" என்றார். "இது கஞ்சி. இந்த இறக்கைக்கு யார் துணி போட்டது?"

இப்போதும் சொல்லியிருக்கலாம். இரண்டாவது இடம் இது.

"நான்தாங்க சார்" என்றாள் சகாயம். "டோப் கொட்டிருச்சு. சொல்லப் பயந்துக்கிட்டு இப்படிப் பண்ணிட்டேன்."

முதலாளி அவளையே பார்த்தார். "அதான் ஓட்ட மாட்டேன்னியா? தெரிஞ்சுக்கிட்டே என் கையில குடுத்தியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் பொருந்திவிட்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பேராசிரியருக்கு விமானம் பிடித்துப்போனது. "ஆடு தின்னும் பொழச்சிருக்கே, எங்க பசங்க கையிலயும் பொழைச்சுக்கும்" என்று ஐந்துக்கும் அங்கேயே சரி சொன்னார். சொல்லிக்கொடுக்க வேறு ஒருவரை அனுப்புவதாக முதலாளி சொன்னார். "பொய் சொல்ற கையில பொத்தானைக் குடுக்க மாட்டேன்" என்று சகாயத்திடம் சொன்னார். சொன்னபடியே இருந்தார். மூன்று வருடம் அவள் பொத்தானைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது லாரியின் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் அழுதுகொண்டே வந்தேன்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"உன்ன வேலைய விட்டு அனுப்பிடுவாரு. என்ன அனுப்ப மாட்டாரு. ஓட்டத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்" என்றாள். முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "அவரு கோவம் ஒரு வாரத்துல ஆறிடும். அப்ப நீயே போய்ச் சொல்லிடு. ரெண்டு பேரையும் திட்டிட்டு, என்னக் காலேஜுக்கு அனுப்பிடுவாரு" என்றாள்.

நான் சரி என்றேன்.

ஒரு வாரம் ஆனது. முதலாளியின் கோபம் ஆறியது. நான் சொல்லவில்லை. ஆடிப் பெருக்கு முடிந்து சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு தீபாவளிக்குப் பிறகு. பிறகு பொங்கலுக்குப் பிறகு. தள்ளத் தள்ள, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டியதாகிவிட்டது. சகாயம் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து, "என்னடி?" என்று கேட்டாள். "நாளைக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. என்னோடு பேசுவதை நிறுத்தவும் இல்லை. தினமும் அதே மாதிரி ஒரே அறையில் உட்கார்ந்து துணி ஒட்டினோம். கல்லூரியிலிருந்து பையன்கள் விமானத்தை ரிப்பேருக்குக் கொண்டுவந்தால், "எப்படி விழுந்துச்சு, எங்க திரும்பும்போது விழுந்துச்சு" என்று விசாரித்து, கையைக் காற்றில் திருப்பித் திருப்பி அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். முதலாளி வரும் சத்தம் கேட்டால் கையை மடியில் வைத்துக்கொள்வாள்.

இந்த வருடம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "இன்னிக்கு சொல்லிடறேன் சகாயம்" என்றேன். கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. "அத வுடுடி. தண்ணி குடு" என்றாள். குடித்தாள். மறுநாள் விடியும்போது போய்விட்டாள். அந்த வெள்ளைப் புடவையைத்தான் அவள் அம்மா அவளுக்குக் கட்டிவிட்டிருந்தார்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு மூன்று நாள் காகிதத்தை மடித்து வைத்திருந்தேன். முதலாளி படிக்கத்தான் போகிறார். அவர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, என் வாயால் கேட்கவேண்டும் என்று தோன்றியது. இன்று காலை அவர் அரம் போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். டின் கவிழ்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரத்தை வைக்கவில்லை. போடுவதை மட்டும் நிறுத்தினார்.

"மூணு வருசம்" என்றார்.

"ஆமாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்தப் புள்ள."

"நான் சொல்லியிருக்கணுங்க."

"ஆமா. நீதான் சொல்லியிருக்கணும்" என்றார். என்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்ல கை அது. அந்தப் பசங்களுக்கு அவ சொல்லிக் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நான் கிளம்பும்போது, "எழுதினதுல ஒரு வரியையும் எடுக்காத. அப்படியே அவங்களுக்குக் குடு" என்றார்.

அப்படியே கொடுத்திருக்கிறேன். உங்கள் கையிலும் டின் கவிழும். கவிழ்ந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். திட்டு வாங்குங்கள். வேலை போனாலும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோவிலில் சகாயத்தின் பெயருக்குப் பூசை வைத்திருக்கிறார்கள். நானும் வரலாமா, எனக்கு உங்கள் மந்திரம் எதுவும் தெரியாதே என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரிஞ்ச சாமிகிட்டச் சொல்லு கண்ணு, போதும்" என்றார். நான் போகிறேன். நீங்களும் வர முடிந்தால் வாருங்கள். வர முடியாதவர்கள் வீட்டில் விளக்கேற்றும்போது, அவரவர் சாமியிடம், அவரவருக்குத் தெரிந்த வார்த்தையில் அவளுக்காக ஒரு நிமிடம் கேளுங்கள். லாரிக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன், கல்லூரிப் பையன்களிடமும் சொல்லியிருக்கிறேன். பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று அவள் அம்மா சொன்னார். அவள் முழுப் பெயர் சகாயமேரி.